தாமினிக்கு அந்த இடத்தில் வசனம் இல்லை

அந்தச் சேர்ல உட்காராதீங்க அக்கா, ஒரு கால் ஆடும். போன வாரம் ஒருத்தர் அதோட சேர்ந்து விழுந்தார். இதுல உட்காருங்க. வாய்ஸ் டெஸ்ட்டுக்குத்தானே? தாமினிக்குத்தானே? பார்த்தாலே தெரியுது. காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாரும் இப்படித்தான் தொண்டையைக் கனைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க.

ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. உங்களுக்கு இது கிடைக்காது.

இப்ப படியில நின்னு ஒத்திகை பார்த்தீங்களே, கேட்டேன். "இந்த வீடே என் காலடியில கிடக்கும்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசினீங்க. அது வில்லி பேசுற பேச்சு. தாமினி வில்லி இல்ல. ஊர் பூரா அவளை வில்லின்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்கு, நீங்களும் அப்படியே நம்பிட்டு வந்து நிக்கிறீங்க. சீரியலைப் பார்த்திருக்கீங்களா முதல்ல? எப்படிப் பார்த்தீங்க, வெங்காயம் நறுக்கிக்கிட்டேவா? அப்ப நீங்க பார்க்கலை, கேட்டீங்க. கேட்டா அவ வில்லிதான். ஒரு நாள் சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க. நாங்க இங்க அப்படித்தான் பார்ப்போம். வடக்கே எடுத்த சீரியலுக்கு இங்க தமிழ்க் குரல் போடுறோம், பேசுறப்ப படம் மட்டும் ஓடும், குரல் இருக்காது. அப்பத்தான் மூஞ்சி தெரியும்.

அவ எப்பச் சிரிப்பான்னு கவனிச்சிருக்கீங்களா? எல்லாரும் சிரிச்சப்புறம்தான் சிரிப்பா. ரொம்ப இல்ல, கண்ணு இமைக்கிற நேரம் லேட்டு. முதல்ல எல்லார் மூஞ்சியையும் ஒரு சுத்துப் பார்ப்பா, இது சிரிக்கிற விஷயம்தானான்னு. அப்புறம் சிரிப்பா. தான் பிறந்து வளர்ந்த வீடு மாதிரி நினைக்கிறவ அப்படிச் சிரிப்பாளா? பயந்தவதான் அப்படிச் சிரிப்பா.

தீபாவளி எபிசோட்ல குடும்பமா நின்னு போட்டோ எடுப்பாங்களே, ஞாபகம் இருக்கா? போட்டோக்காரன் இன்னும் கேமராவையே எடுக்கலை. அதுக்குள்ள இவ போய் ஓரத்துல நின்னுக்குவா. பெரிய மருமகள், நடுவுல மாமியார் பக்கத்துல நிக்க வேண்டியவ. யாராவது "நீ கொஞ்சம் தள்ளி நில்லு"ன்னு சொல்லிட்டா என்ன பண்றது? சொல்றதுக்கு முன்னாடி அவளே தள்ளி நின்னுட்டா. நான் பார்த்தது அதைத்தான். நீங்க என்ன பார்த்தீங்க? அவ புடவையைப் பார்த்திருப்பீங்க.

நான் யாருன்னு கேக்குறீங்களா? ஆபீஸ் பொண்ணு இல்ல. டீ வாங்கிட்டு வர்ற பொண்ணும் இல்ல, எல்லாரும் என்கிட்டதான் டீ கேக்குறாங்க. நான் சங்கவி. மூச்சு குடுக்கிறவ.

சிரிக்காதீங்க. வேலைதான் அது. பெரிய ஆர்ட்டிஸ்ட்டுங்க வசனம் மட்டும் பேசிட்டு அடுத்த ஸ்டுடியோவுக்கு ஓடிடுவாங்க. விக்கல், விசும்பல், திடுக்குன்னு இழுக்கிற மூச்சு, அழுது முடிச்சு மூக்கை உறிஞ்சறது, இதெல்லாம் பின்னாடி தனியா எடுப்பாங்க. அதுக்கு நான். கூட்டத்துல "ஐயோ"ன்னு கத்துறதுக்கும் நான். "மூச்சுக்கு வயசு தெரியாது"ன்னு தனபால் சார் சொல்லுவார். தனபால் சார்தான் இங்க டப்பிங் பார்க்கிறவர், வசனமும் அவர்தான் எழுதுறார். உள்ள போனீங்கன்னா கன்சோல் பக்கத்துல வெத்தலை போட்டுக்கிட்டு ஒருத்தர் இருப்பார். அந்த ரெக்கார்டிங் மெஷினைப் பார்க்கிறது இம்ரான் அண்ணன். அவர் நல்லவர், ஆனா வாயே திறக்க மாட்டார்.

படிப்பா? பிளஸ் ஒன் பாதியில நிறுத்திட்டேன். ஏன்னு கேட்டா எல்லாரும் பெரிய காரணமா எதிர்பார்க்கிறாங்க, அப்பா செத்துட்டாரா, வீட்ல கஷ்டமான்னு. அதெல்லாம் இல்ல. பிடிக்கலை, வந்துட்டேன். அம்மா அழுதுட்டு, செய்யாறுலேர்ந்து கூட்டிட்டு வந்து சித்தி வீட்ல விட்டுட்டுப் போயிடுச்சு. சித்தி வீடு இங்கதான் சாலிகிராமத்துல, ரெண்டு தெரு தள்ளி.

சித்தி பேரு வத்சலா. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, பேரு யாருக்கும் தெரியாது. ஆனா குரல் தெரியும். இவ்வளவு நாளா தாமினிக்குப் பேசினது அவதான். ஆமா. நீங்க வந்திருக்கிறது என் சித்தி இடத்துக்கு.

உங்களைச் சொல்லலை. நீங்க இல்லைன்னா இன்னொருத்தர் வந்திருப்பாங்க. இருந்தாலும் உங்களைப் பார்த்தா எனக்குப் பிடிக்கலை. மறைச்சு எதுக்குப் பேசணும்?

வீட்ல நாங்க ரெண்டு பேரும்தான். சித்தப்பா துபாய்ல இருக்கார், வருவார், போவார். சாயங்காலம் சீரியல் ஓடும்போது நான் சொல்லுவேன், "சித்தி பாரு, நீ எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சுட்டே, அவ இன்னும் சிரிக்கவே இல்ல." முதல்ல "போடி, பெரிய மேதாவி"ன்னா. அப்புறம் அவளே பார்க்க ஆரம்பிச்சா. அடுத்த வாரம் ஸ்டுடியோல போய் லேட்டா சிரிச்சா. தனபால் சார் "சிங்க் போச்சு வத்சலா, உதடும் குரலும் ஒட்டலை"ன்னார். "படத்தைப் பாருங்க சார், அவளே லேட்டாத்தான் சிரிக்கிறா"ன்னா. பார்த்தார். அந்த டேக்கையே ஓகே பண்ணார். அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியில எனக்கு பஜ்ஜி வாங்கிக் குடுத்தா. நான் சொல்லித்தான்னு யார்கிட்டயும் சொல்லலை, அது வேற விஷயம்.

இன்னொண்ணு. வசனம் எழுதின ஷீட்டை அவளே படிக்க மாட்டா. டேக்குக்கு முன்னாடி என்னை வெளிய கூட்டிட்டு வந்து, இதோ இந்த இடத்துலதான், "நீ வாசிடி, எனக்குக் காதால கேட்டாத்தான் மனசுல ஏறும்"பா. நான் வாசிப்பேன். ரெண்டு தடவை வாசிச்சாப் போதும், உள்ள போய்ப் படத்தைப் பார்த்துக்கிட்டே கடகடன்னு பேசிடுவா. கையில ஷீட் சும்மா இருக்கும்.

காதாவது மனசாவது. கண்ணு தெரியலை, அதான் விஷயம். கரன்ட் பில் வந்தா கையை நீட்டி எட்ட வச்சுப் பார்ப்பா. அப்புறம் "இதுல என்னடி போட்டிருக்கான்"னு என்கிட்ட குடுப்பா. கண்ணாடி போடேன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். "கண்ணாடி போட்டு உள்ள போனா மறுநாளே என்னைப் பாட்டி குரலுக்குத் தள்ளிடுவாங்க"ன்னா. குரலுக்குப் போய்க் கண்ணாடியா? மைக்குக்குத் தெரியவா போகுது? பைத்தியக்காரத்தனம். எனக்கு இந்த மாதிரி ஆளுங்களைக் கண்டாலே எரிச்சலா வரும். சும்மா எதையாவது நினைச்சுக்கிட்டுப் பயப்படுறது.

தண்ணி வேணுமா? அந்த கேன்ல இருக்கு. டம்ளர் கழுவியிருக்காது, சொல்லிட்டேன்.

எங்க விட்டேன்? அந்த சீன். இப்ப உங்களுக்கு டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்காங்களே, அதே சீன்தான். எல்லாப் பிரச்சினையும் அதுலதான்.

சாப்பாட்டு மேஜை. குடும்பமே உட்கார்ந்திருக்கு. தாமினி புருஷன் நிகுஞ்ச் எழுந்திருச்சு, "இனிமே வீட்டுச் சாவி கேத்கிகிட்ட இருக்கட்டும்"னு சொல்றான். கேத்கி அவன் தம்பி பொண்டாட்டி. மாமியார் சொல்லியிருந்தாக்கூட இவ தாங்கியிருப்பா. கட்டின புருஷன் சொல்றான். வயலின் இழுக்குது. கேமரா தாமினிகிட்ட போகுது. அவ வாய் திறக்குது. கீழ் உதடு ஒரு தடவை ஆடுது. அவ்வளவுதான், மூடிக்கிறா. பக்கத்துல இருக்கிற டம்ளரை எடுத்துக் குடிக்கிறா. டம்ளர் காலி. அது காலின்னு நமக்குத் தெரியும், முந்தின ஷாட்லதான் அந்தத் தண்ணியை மாமியாருக்கு ஊத்தினா. காலி டம்ளரை வாயிலேர்ந்து எடுக்கவே மாட்டேங்கிறா. எடுத்தா மூஞ்சி தெரிஞ்சிடுமில்ல? எல்லாரும் பார்த்திடுவாங்க இல்ல?

அவ அங்க ஒண்ணும் பேசலை அக்கா. பேச வந்தா, பேசலை. இந்தி ட்ராக்லயும் அந்த இடத்துல வெறும் வயலின்தான். இந்தி எனக்குத் தெரியாது. ஆனா ஒருத்தி பேசாம இருக்கிறது எந்த பாஷையா இருந்தாலும் தெரியும்.

முந்தின நாள் வீட்ல சித்திக்கு ஷீட் வாசிச்சேன். அந்த இடத்துல வெறும் புள்ளிதான் வச்சிருந்தது. போன்ல படத்தைப் போட்டுக் காட்டினேன். எட்ட வச்சுப் பார்த்துட்டு சித்தி சொன்னா, "இங்க அவ பேசலைடி. வந்த வார்த்தையை முழுங்கிட்டா." அவளே சொன்னா. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

மறுநாள் சேனல்லேர்ந்து ஒரு மேடம் வந்து உட்கார்ந்திருந்தாங்க. ஏசி போதலைன்னு விசிறிக்கிட்டே பார்த்தாங்க. அந்த இடம் வந்ததும், "வாய் திறக்குதே, வசனம் எங்க"ன்னாங்க. எங்க தொழில்ல இது ஒரு சட்டம். வாய் திறந்தா வார்த்தை வேணும். உதடு அசைஞ்சு சத்தம் வரலைன்னா, பார்க்கிறவங்க டிவி கெட்டுப் போச்சுன்னு நினைச்சுச் சேனலை மாத்திடுவாங்களாம். தனபால் சார் உடனே, "இந்தியில மியூசிக்ல முங்கியிருக்கு மேடம், போட்டுடலாம்"னு பேனாவை எடுத்து ஒரு தாள்ல எழுதினார். அதான் உங்க கையில இருக்கிற வரி. இந்த வீடே என் காலடியில கிடக்கும். புருஷன் எல்லார் முன்னாடியும் செருப்பால அடிச்ச மாதிரி சொல்லியிருக்கான், அவ காலடி, தலைமாடுன்னு பேசுவாளா?

சித்தி தாளை வாங்கினா. "ஒரு நிமிஷம் சார், தொண்டையை நனைச்சுட்டு வந்துடுறேன். சங்கவி, நீ வா"ன்னா.

நான் போகலை. எதுக்குக் கூப்பிடுறான்னு எனக்குத் தெரியாதா? வெளிய கூட்டிட்டுப் போய், "சேனல்காரங்க இருக்காங்க, வாயை மூடிக்கிட்டு இரு"ன்னு சொல்லத்தான். என்னை அடக்கப் பார்த்தா எனக்குப் பிடிக்காது. நான் கூட்டக் குரல் குடுக்கிறவங்க நிக்கிற பின் மைக்குகிட்டயே நின்னேன். "வாடி"ன்னு கண்ணாலயே மறுபடி கூப்பிட்டா. நான் வேற பக்கம் பார்த்தேன்.

சித்தி மைக் முன்னாடி போய் நின்னா. படம் ஓடுச்சு. முதல் டேக்ல தாமினி வாய் திறந்து மூடினப்புறம்தான் சித்தி ஆரம்பிச்சா. ரெண்டாவதுல "இந்த வீடு"ன்னு தொடங்கி நின்னுட்டா. "என்ன வத்சலா, ஒரே ஒரு வரிதானே"ன்னார் தனபால் சார். மேடம் விசிறுறதை நிறுத்திட்டாங்க.

எனக்குப் பொறுக்கலை. "சார், அங்க வசனமே இல்ல சார். அவ பேசலை. பேச முடியாமத்தான் டம்ளரை எடுக்கிறா"ன்னு சொல்லிட்டேன்.

"யாரு இந்தப் பொண்ணு?"ன்னு மேடம் கேட்டாங்க.

"என் அக்கா பொண்ணு மேடம். சின்னப் பொண்ணு, விடுங்க. சார் எழுதினா சரியாத்தான் இருக்கும்"ன்னா சித்தி.

சொல்லுங்க, கோவம் வருமா வராதா? நேத்து வீட்ல அவளே சொன்னது, அவ பேசலைன்னு. இன்னைக்கு மேடம் முன்னாடி சார் எழுதினா சரியாத்தான் இருக்குமாம். நான் கேட்டேன், எல்லார் முன்னாடியும்தான். "சித்தி, நேத்து நீதானே சொன்னே? இப்ப ஏன் மாத்திப் பேசுறே?"

ஸ்டுடியோல அவளை "மேடம், நீங்க"ன்னுதான் கூப்பிடணும். அவ போட்ட ரூல். அன்னைக்கு வாயில வரலை.

அவ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காம, "ஷீட்ல என்ன இருக்கோ அதைப் பேசுறதுதான் நம்ம வேலை சங்கவி"ன்னா. டீச்சர் மாதிரி. நான் ஸ்கூலை விட்டதே இந்தக் குரலைக் கேக்கக் கூடாதுன்னுதான்.

"ஷீட்ல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா சித்தி? உன்னாலதான் அதைப் படிக்கவே முடியாதே! நான் வாசிச்சாத்தானே நீ பேசுவே!"

பொய்யா சொன்னேன்? ஒரு வார்த்தை பொய் இருக்கா அதுல?

இம்ரான் அண்ணன் கன்சோல்ல எதையோ திருகினார், திருக ஒண்ணும் இல்லாத நேரத்துல. மேடம் ரொம்ப மெதுவா, "அந்த வரியை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க மேடம்"ன்னாங்க. சித்தி தாளைக் கை நீட்டிப் பிடிச்சா. அந்த ரூம்ல என்ன வெளிச்சம் இருக்கும், பேனாவுல கிறுக்கின எழுத்து வேற. கிட்ட கொண்டுவந்தா. மறுபடி எட்ட வச்சா. அப்புறம் தாளை ரெண்டா மடிச்சா, நாலா மடிச்சா. மடிச்சுக்கிட்டே சிரிச்சா. "இன்னைக்குத் தொண்டை சரியில்ல மேடம்"ன்னா.

தொண்டைக்கு என்ன? காலையிலதான் பால்காரன்கிட்ட தெருவே கேக்கிற மாதிரி கத்தினா. பொய். எனக்குப் பொய் பிடிக்காது. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?

"பரவால்ல வத்சலாம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க"ன்னார் தனபால் சார். அதுவரைக்கும் வத்சலான்னு கூப்பிட்டவர், அன்னைக்கு அம்மா போட்டார். மரியாதையாத்தான் சொன்னார். அதுக்குப் போய் சித்தி செருப்பைக்கூட மாட்டாம, கையில எடுத்துக்கிட்டுப் படியிறங்கிப் போனா.

நீங்க ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீங்க? இன்னும் கேளுங்க. அடுத்த நாள் தனபால் சார் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் தாமினி மனசு தெரியுமே, நீயே பேசு பார்ப்போம்"ன்னார். பேசினேன். அதுல என்ன தப்பு? சித்திக்கு இல்லைன்னு ஆனப்புறம்தானே நின்னேன்? ஆனா போட்டுக் கேட்டா, புடவை கட்டின பொம்பளை வாயிலேர்ந்து அஞ்சாங்கிளாஸ் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. மூச்சுக்கு வயசு இல்ல, வார்த்தைக்கு இருக்கு. அதனாலதான் இந்த டெஸ்ட். அதனாலதான் நீங்க.

சரி, வேலை போச்சு. சண்டை போட்டிருக்கலாம். "ஏன்டி இப்படிப் பண்ணே"ன்னு ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், முடிஞ்சு போயிருக்கும். போடலையே! காலையில முதல் தோசை எனக்குத்தான் வைக்கிறா, முறுகலா, எனக்குப் பிடிச்ச மாதிரி. வச்சுட்டுப் போயிடுறா. இது என்ன ராஜதந்திரம்? என்னைக் குத்திக் காட்டத்தானே?

சீரியல் நேரம் வந்தா மொட்டை மாடிக்குப் போயிடுறா, துணி எடுக்க. துணியெல்லாம் எப்பவோ காஞ்சு, மடிச்சு உள்ள இருக்கு. எதை எடுக்கப் போறாளோ! நான் படுத்திருந்தா ரூம் வாசல் வரைக்கும் வருவா. ஃபேன் ஸ்விட்சைத் தொட்டுப் பார்ப்பா. திரும்பிப் போயிடுவா. ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஏதாவது கேக்கணும்னா கேக்க வேண்டியதுதானே? மனுஷங்க மனசுல என்ன இருக்குன்னு நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?

நேத்து எங்கயோ வெளிய போயிட்டு வந்தா. எங்க போனேன்னு கேட்டேன். "கடைக்கு"ன்னா. கையில பையே இல்ல. கடைக்குப் போனவ கையை வீசிக்கிட்டா வருவா? இன்னைக்குக் காலையில நான் எழுந்திருக்கிறதுக்குள்ள குளிச்சு, புடவை கட்டித் தயாரா உட்கார்ந்திருந்தா. நான் எதுவும் கேக்கலை. அவ பேசாம இருந்தா நானும் பேசாம இருப்பேன்.

இருங்க. யாரோ படியேறி வர்றாங்க.

அக்கா, திரும்பாதீங்க. அவதான்.

அடக்கடவுளே. கண்ணாடி போட்டிருக்கா. பாருங்க, இவ்வளவு பெரிசா, பழுப்பு ஃபிரேம். ஓரத்துல கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கரைக்கூடப் பிச்சுப் போடலை. இதுக்குத்தான் நேத்து போயிருக்கா. அந்தப் புடவைக்கு அது சகிக்கலை. எதுக்கு வந்திருக்கா? கையில ஷீட் வச்சிருக்கா பாருங்க. டெஸ்ட்டுக்கா? தான் பேசின கேரக்டருக்குத் தானே புது ஆளுங்களோட வரிசையில நின்னு டெஸ்ட் குடுக்கப் போறாளா? எனக்குன்னா மண்ணுக்குள்ள போயிடலாம் போல இருக்கு. வெக்கமா இருக்காது?

என்னைப் பார்க்க மாட்டேங்கிறா. உங்ககிட்ட வர்றா. வரட்டும்.

பார்த்தீங்களா? "கடைசி ஆள் நீங்கதானாம்மா?"ன்னு உங்களைக் கேக்குறா. நான் இங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன், உங்களைக் கேக்குறா. நீங்க ஏன் எழுந்திருக்கிறீங்க? "நீங்க முன்னாடி போங்கம்மா"ன்னு சொல்றதுக்கு நீங்க யாரு? உங்க முறை அது! நல்லவங்களா நீங்க? நல்லவங்களுக்கு இங்க வேலை கிடையாது, அதையும் சொல்லிட்டேன்.

போயிட்டா. சிவப்பு லைட் எரிஞ்சாச்சு.

உட்காருங்க. உட்காருங்கன்னு சொல்றேன்ல. அந்தக் கதவுல ரப்பர் கிழிஞ்சிருக்கு, உள்ள பேசுறது கேக்காது, ஆனா ரெக்கார்ட் பண்ணதைத் திருப்பிப் போட்டா கேக்கும். கொஞ்சம் பேசாம இருங்க. நான்தான் பேசுறேனா? சரி, நானும் பேசலை.

திருப்பிப் போட்டாச்சு. கேக்குதா, பாத்திரச் சத்தம்? சாப்பாட்டு மேஜை. இது நிகுஞ்ச். "இனிமே வீட்டுச் சாவி கேத்கிகிட்ட இருக்கட்டும்." இப்ப வயலின் வரும். வந்தாச்சு. இந்த இடம்தான். வாய் திறந்தாச்சு.

ஒண்ணும் கேக்கலையே?

போச்சு. விட்டுட்டா. கண்ணாடி போட்டும் விட்டுட்டா. தனபால் சார் இப்பக் கத்தப் போறார் பாருங்க. அதோ, டம்ளரை எடுக்கிற சத்தம்கூட வந்துடுச்சு, வாய் மூடியே போச்சு...

இருங்க. இருங்க. கேட்டீங்களா?

இப்பப் பேசுறா. "இந்த வீடே..." டம்ளர் வாயில இருக்கு அக்கா! உதடே தெரியாது இப்ப. டம்ளருக்குள்ள பேசுறா. பல்லைக் கடிக்கலை, கத்தலை. காலி டம்ளருக்குள்ள தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி. "என் காலடியில கிடக்கும்." யாரும் நம்பாத ஒண்ணை, தானும் நம்பாத ஒண்ணை, சும்மா சொல்லிப் பார்க்கிற மாதிரி. அவர் எழுதினதுல ஒரு எழுத்துக்கூட மாத்தலை. ஆனா வாய் திறந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. அந்த இடத்தை அப்படியே விட்டுட்டா.

எப்படித் தோணுச்சு இவளுக்கு? எனக்கு ஏன் தோணலை?

தனபால் சார் கத்தலை. மறுபடி போடச் சொல்றார். கேக்குது பாருங்க, வயலின். ரெண்டாவது தடவை கேக்கிறார்னா அவருக்குப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். உங்க பேரைக் கூப்பிட மாட்டாங்க அக்கா. நீங்க கிளம்பலாம். நான்தான் முதல்லயே சொன்னேனே.

இம்ரான் அண்ணன் வர்றார். என்ன அண்ணே? நானா? எதுக்கு?

"வசனம் ஓகே ஆயிடுச்சு. வாய் திறக்கிற இடத்துல இடம் விட்டு வச்சிருக்காங்க. அங்க ஒரு மூச்சு வேணும், வா."

யாருக்கு வேணுமாம்? தனபால் சாருக்கா?

"உன் சித்திக்கு. நீதான் குடுக்கணுமாம். வேற யார் குடுத்தாலும் வேண்டாம்னுட்டாங்க."

நான் போக மாட்டேன். பேசினது அவதானே, மூச்சையும் அவளே விட்டுக்கட்டும். இவ்வளவு நாள் வீட்ல ஒரு வார்த்தை கிடையாது, இப்ப ஆள் விட்டுக் கூப்பிடுறா. போய் நின்னா நான் என்னமோ மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆயிடும். நான் எதுக்குக் கேக்கணும், உண்மையைத்தானே சொன்னேன்? நீங்க தலையை ஆட்டாதீங்க அக்கா, உங்களை யாரும் கேக்கலை. ஏன் இன்னும் இங்கயே நிக்கிறீங்க? உங்க பஸ்ஸுக்கு நேரமாகலை?

இந்த இம்ரான் அண்ணன் வேற கதவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறார். உள்ள அவ ஹெட்போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா, என்னோடதை. இங்கேர்ந்தே தெரியுது. கண்ணாடியை மூக்குல ஏத்தி விட்டுக்கிறா, பழக்கமில்ல, வழுக்குது.

தள்ளுங்க. என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க, வந்துடுறேன். ஒரு மூச்சுதானே. அவளுக்காக ஒண்ணும் போகலை, நல்லாக் கேட்டுக்கோங்க. தாமினி அங்க எல்லார் முன்னாடியும் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறா. எவ்வளவு நேரம்தான் நிப்பா?